மஞ்சள் பொத்தான்

எங்கள் மாநில மேலவையில் ஒவ்வொரு உறுப்பினரின் மேசையிலும் மூன்று பொத்தான்கள் உண்டு. பச்சை என்றால் ஆதரவு. சிவப்பு என்றால் எதிர்ப்பு. மஞ்சள் என்றால், ‘நான் வந்திருக்கிறேன், ஆனால் என்னை எதுவும் கேட்காதீர்கள்’ என்று பொருள். மற்ற நாற்பத்தெட்டு மேசைகளில் பச்சையும் சிவப்பும் தேய்ந்திருக்கும். டுவைட் லோரிமரின் மேசையில் மட்டும் மஞ்சள் தேய்ந்து, வழவழத்து, வெளுத்துப்போய் இருந்தது. எலக்ட்ரீஷியன் இரண்டு தடவை மாற்றினார். மூன்றாவது தடவை வந்தபோது, "இந்த ஆளுக்கு ஒரே பொத்தான் போதுமேம்மா. மத்த ரெண்டையும் கழட்டி ஸ்பேருக்கு வெச்சுக்கட்டுமா?" என்று என்னிடமே கேட்டார். நான் சிரிக்காத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அதற்கும் சேர்த்துத்தான் எனக்குச் சம்பளம்.

என் பெயர் வெர்னா ஸ்டக்கி. லோரிமரின் அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டினேன். தொலைபேசி, கடிதம், பேச்சு, அவருடைய டையில் சிந்திய சூப் எல்லாம் என் பொறுப்பு. அவரைப் பற்றி இன்று நான் ஏதாவது சொன்னால், சேற்றை வாரி இறைக்கிறாள் என்பார்கள். அந்தச் சேற்றைக் குழைத்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் எனக்குச் சொல்ல உரிமை இருக்கிறது.

எங்கள் ஊர் பெல்ஹாம் கிராசிங். மார்லோ கவுண்டி என்ற மாவட்டத்தின் தலைநகர் என்று பலகை சொல்லும். ஒரு சிக்னல், மூன்று தேவாலயம், ஒரு தானியக் கிடங்கு, ஒரு மருத்துவமனை. அங்கே லோரிமர் இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தார். அவரை அரசியலுக்குத் தயார் செய்தது சட்டப் படிப்பு அல்ல, பை என்கிற பழப் பலகாரம். ஆகஸ்ட் மாதம் கவுண்டித் திருவிழாவில் பை போட்டி நடக்கும். ஆப்பிள், செர்ரி, ருபார்ப் என்று பெண்கள் சுட்டுக் கொண்டுவந்து வரிசையாக வைப்பார்கள். முதல் பரிசு ஒரு நீல ரிப்பன். அந்த ரிப்பனுக்காக அக்காவும் தங்கையும் பேச்சை நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் எங்கள் ஊரில் உண்டு. நடுவராக உட்கார எவனுக்கும் துணிச்சல் வராத ஒரு வருடம், லோரிமரைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பதினொரு பை இருந்தன. பதினொன்றிலும் ஒரு துண்டு தின்றார். பதினொன்றுக்கும் நீல ரிப்பன் குத்தினார்.

"என்னய்யா கூத்து இது?" என்று கேட்டாள் மேவிஸ் டூலி. அதற்கு முந்தைய நான்கு வருடமும் ஜெயித்தவள் அவள்.

"மேவிஸ், உங்க பைக்குத்தான் முதல் இடம். அதுல எனக்குச் சந்தேகமே இல்ல," என்றார் லோரிமர்.

"அப்ப மத்த பத்து?"

"அதுலயும் சந்தேகம் இல்ல."

மேவிஸ் அதற்குப் பிறகு போட்டிப் பக்கமே வரவில்லை. ஆனால் மற்ற பத்துப் பேருக்கும் அவரைப் பிடித்துப்போயிற்று. பத்து வீட்டிலும் ஓட்டு இருந்தது. இரண்டு வருடம் கழித்து மேலவை இடம் காலியானபோது, கட்சிக்குள் நடந்த போட்டியில் தீவன ஆலை முதலாளி ஒருவரும் ஒரு போதகரும் மோதிக்கொண்டார்கள். முதலாளியின் இரண்டாவது வீட்டைப் பற்றிப் போதகர் பேசினார். போதகரின் மூன்றாவது பாட்டிலைப் பற்றி முதலாளி பேசினார். வாக்குச் சீட்டில் கடைசியாக லோரிமரின் பெயர் இருந்தது. அவரைப் பற்றிக் கெட்டதாகச் சொல்ல யாருக்கும் ஒன்றும் அகப்படவில்லை. நல்லதாகச் சொல்லவும்தான். ஜெயித்துவிட்டார்.

"மதில்மேல் பூனைக்கு மாலை போட்டு அனுப்பியிருக்கீங்க," என்றான் எல்டன். எல்டன் என் கணவன். டிராக்டர் மெக்கானிக். அவன் ஒரு எந்திரத்தைப் பார்த்தால் ஓடுகிறதா, ஓடவில்லையா என்றுதான் கேட்பான். மூன்றாவதாக ஒரு நிலை இருக்கிறது என்று அவனுக்குப் புரிய வைக்க நான் பல வருடம் முயன்றேன்.

அவைக்குப் போன பிறகு லோரிமர் கற்றுக்கொண்ட முதல் பாடத்தின் பெயர் லீவு. அவையில் எங்கள் கட்சிக் குழுவின் தலைவி பாலின் க்ரோவ். அரசியலுக்கு வருமுன் மாட்டுச் சந்தையில் ஏலம் விட்டவள். தலை எண்ணுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவையில் மொத்தம் நாற்பத்தொன்பது பேர், எங்கள் கட்சிக்கு இருபத்தெட்டு. ஒரு மசோதா நிறைவேற இருபத்தைந்து பச்சை வேண்டும். ஆக, மூன்று பேர் உபரி. எந்த மூன்று பேருக்கு ஊரில் தலைவலியோ, அவர்களுக்கு அன்று காலை பாலின் லீவு கொடுப்பாள்: போ, எதிர்த்து ஓட்டுப் போட்டு நல்ல பெயர் வாங்கிக்கொள். டோனட் தின்றுகொண்டே அவள் அறையில் இது முடிவாகும்.

"டுவைட், இன்னைக்கு உனக்கு மனசாட்சி வேணுமா, வேண்டாமா?"

"இருந்தா நல்லா இருக்கும் பாலின். ஊர்ல விவசாயிங்க கொதிச்சுப்போய் இருக்காங்க."

"சரி, சாயங்காலம் நாலு மணி வரைக்கும் வெச்சுக்க. முடிஞ்சதும் திருப்பிக் கொடுத்துடு. நாளைக்கு வேற ஆளுக்கு வேணும்."

லோரிமர் அவைக்குப் போவார். எழுந்து நிற்பார். குரல் நடுங்கப் பேசிவிட்டுச் சிவப்பை அழுத்துவார். மசோதா இருபத்தைந்து ஓட்டில் நிறைவேறும். மறுநாள் பத்திரிகையில் ‘கட்சிக்கு அடங்காத குரல்’ என்று வரும். ஒருமுறை மாநிலத் தலைநகரப் பத்திரிகை அவரை ‘மேலவையின் மனசாட்சி’ என்றே எழுதிவிட்டது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினோம். ஆணி அடித்தது நான்தான்.

லீவு கிடைக்காத நாட்களுக்கு மஞ்சள். மசோதாவுக்கு வேண்டியது இருபத்தைந்து பச்சை. மஞ்சள் பச்சையல்ல, ஆகவே அது மசோதாவுக்கு உதவாது. சிவப்பும் அல்ல, ஆகவே எதிர்த்ததாகவும் ஆகாது. மசோதா தோற்றால் பாலினிடம், "நான் எதிர்க்கவே இல்லையே" என்பார். ஊரில், "நான் ஆதரிக்கவே இல்லையே" என்பார். இரண்டும் சத்தியமான உண்மை. பொய்யே சொல்லாமல் ஊரை ஏமாற்றிய ஒரே மனிதரை நான் அருகிலிருந்து பார்த்தேன். ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின ஊர்வலத்தில் நடுக்கோட்டிலேயே நடந்து, மிட்டாயை இடது பக்கம் ஒரு கை, வலது பக்கம் ஒரு கை என்று எண்ணி எறிவார். ஒரு பக்கம் பிள்ளைகள் கூடுதலாக நின்றாலும் கணக்கு மாறாது.

இனி என் பங்கைச் சொல்கிறேன். ஊரிலிருந்து கடிதங்கள் மூட்டை மூட்டையாக வரும். பதிலுக்கு எங்களிடம் மூன்று கோப்புகள். அவர் ஆதரிப்பதைக் கேட்டு எழுதியவர்களுக்குப் பச்சைக் கோப்பு. அவர் எதிர்ப்பதை எதிர்ப்பவர்களுக்குச் சிவப்பு. அவர் என்ன நினைக்கிறார் என்று அவருக்கே தெரியாத விஷயங்களுக்கு மஞ்சள். அந்த மஞ்சள் கடிதம் நான் எழுதியது. வேலைக்குச் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எழுதினேன். எல்டன் பக்கத்தில் ஒரு ரேடியோவைப் பிரித்துப் போட்டு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தான். மேசையில் ஒரு சூட்டுக்காயம் அன்றைக்கு விழுந்ததுதான், இன்னும் இருக்கிறது. கடிதம் இப்படித் தொடங்கும்: ‘உங்கள் கடிதத்தை என் சமையலறை மேசையில் வைத்து, காபி ஆறும்வரை, இரண்டு முறை படித்தேன்.’

லோரிமர் அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கினார். "வெர்னா, இது நான்தான். அப்படியே நான்," என்றார். அவர் சமையலறைக்குள் போய் நான் பார்த்ததில்லை. கையெழுத்துப் போடும் எந்திரம் ஒன்று எங்களிடம் உண்டு, பேனாவைப் பிடித்துக்கொண்டு அவர் கையெழுத்தை அச்சாகப் போடும். இருபத்தாறு வருடத்தில் அந்த எந்திரம் அந்தக் கடிதத்தில் எத்தனை ஆயிரம் தடவை கையெழுத்துப் போட்டதோ, எனக்குத் தெரியாது. பள்ளிப் பேருந்து கேட்டவர்களுக்கும், வெள்ளத்தில் பாலம் போனவர்களுக்கும் அதே காபிதான் ஆறியது. எனக்கு அதில் பெருமை இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

பிறகு எல்டனின் சிறுநீரகங்கள் நின்றுபோயின. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் மார்லோ கவுண்டி மருத்துவமனையில் நாலு மணி நேரம் டயாலிசிஸ். வீட்டிலிருந்து பதினொரு நிமிடம். அவனே ஓட்டிக்கொண்டு போவான், அங்குள்ள நர்ஸ்களின் கார்களுக்கு இலவச ஆலோசனை சொல்லிவிட்டு வருவான். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. மூன்றாவது வருடம் பாலின் க்ரோவ் ஒரு மசோதா கொண்டுவந்தாள். நான்கு கவுண்டி மருத்துவமனைகளை இழுத்து மூடுவதுதான் விஷயம். ‘சேவை ஒருங்கிணைப்பு’ என்று பெயர் வைத்தார்கள். நான்கில் ஒன்று மார்லோ. அது போனால் அடுத்தது ஹேல்ஸ்டன். எங்கள் வீட்டிலிருந்து அறுபத்தொரு மைல்.

மசோதா அவைக்கு வந்த அன்று காலை நான் லோரிமரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"செனட்டர், இத்தனை வருஷத்துல உங்ககிட்ட எனக்குன்னு நான் எதுவும் கேட்டதில்ல."

"எல்டன் விஷயம்தானே? எனக்குத் தெரியாதா வெர்னா? மார்லோ ஆஸ்பத்திரி என் ஆஸ்பத்திரி. என் ரெண்டு பொண்ணுங்களும் அங்கதான் பொறந்தாங்க. அதை மூட விடமாட்டேன்."

"சிவப்பு அழுத்துவீங்களா?"

"மூட விடமாட்டேன்னு சொல்றேனே."

"நிறத்தைக் கேட்டேன்."

"வெர்னா," என்று எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "என்னை உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதுதான் பயம். இருந்தாலும் நம்பினேன். வேறு வழியில்லாதவர்கள் இப்படித்தான் நம்புவார்கள், என் மேசைக்கு வந்த கடிதங்களில் நான் தினமும் பார்த்ததுதான்.

ஓட்டெடுப்பு மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை பிற்பகல். எல்டன் அந்நேரம் மருத்துவமனை நாற்காலியில், கையில் இரண்டு குழாயோடு, போனில் அவை ஒளிபரப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவையின் பின்பக்கம் பித்தளைக் கம்பிக்கு வெளியே நின்றேன். ஊழியர்கள் அதைத் தாண்டிப் போகக் கூடாது. மசோதாவை எடுக்குமுன் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: நான்கு மருத்துவமனைகளில் மார்லோவை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். எங்கள் கட்சியிலேயே மூன்று பேர் அதற்கு இளகிப்போனார்கள். திருத்தத்துக்கு ஓட்டெடுப்பு தொடங்கியது.

திருத்தத்துக்கு இருபத்தைந்து என்ற கணக்கு கிடையாது. பச்சை சிவப்பைவிட ஒன்று கூடினால் போதும். சமமாக நின்றால் திருத்தம் தோற்றது. மஞ்சள் கணக்கிலேயே வராது. பள்ளிச் சுற்றுலாவில் வரும் பிள்ளைகளுக்கே இதைச் சொல்லிக் கொடுப்பார்கள்.

லோரிமர் அப்போது உள்ளே இல்லை. தாழ்வாரத்தில் வானொலிக்காரப் பெண்ணிடம், இந்த முடிவு தன்னை எவ்வளவு வாட்டுகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். மணி அடித்து முடியும் நேரத்துக்கு ஓடிவந்து உட்கார்ந்தார். பலகையைப் பார்த்தார். பச்சை இருபத்து நான்கு, சிவப்பு இருபத்து நான்கு. எதற்கு ஓட்டு என்று மேலே எழுதியிருந்ததை அவர் பார்க்கவில்லை. மருத்துவமனையை மூடும் மசோதாவுக்குத்தான் ஓட்டு நடக்கிறது என்று நினைத்துவிட்டார். அப்படியானால் பச்சை ஒன்று குறைகிறது. மஞ்சள் அழுத்தினால் மசோதா செத்தது, மருத்துவமனை பிழைத்தது, பாலினுக்கு எதிராகவும் ஓட்டுப் போடவில்லை. வாழ்நாள் முழுக்க அந்தப் பொத்தான் காத்திருந்த தருணம் அதுதான் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. விரல் தானாகப் போயிற்று.

"செனட்டர்! திருத்தம்! இது திருத்தம்!" என்று நான் கத்தினேன்.

"அம்மா, இங்க சத்தம் போடக் கூடாது," என்றார் காவலர்.

ஆனால் லோரிமர் காதில் விழுந்துவிட்டது. திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு பலகையை, இந்தத் தடவை மேல் வரியிலிருந்து, படித்தார். முகத்தில் நிறம் போயிற்று. முடிவை அறிவிக்குமுன் யாராவது ஓட்டை மாற்றுகிறீர்களா என்று அவைத்தலைவர் மூன்று முறை கேட்பது எங்கள் அவை வழக்கம். எழுந்து நின்று சொன்னால் போதும், பொத்தான்கூட வேண்டாம்.

"ஓட்டை மாற்ற விரும்புகிறவர்கள் உண்டா?"

லோரிமர் இரண்டு கையையும் மேசையில் ஊன்றினார். எழுந்தார். பாதி எழுந்தார். முழங்கால் மடங்கியபடி, நாற்காலிக்கு ஒரு அடி மேலே நின்றார். முன்வரிசையில் பாலின் க்ரோவ் மெதுவாகத் திரும்பி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்தாள். மாடு எண்ணுகிற பார்வைதான்.

"ஓட்டை மாற்ற விரும்புகிறவர்கள் உண்டா?"

அறுபத்தெட்டு வயது மனிதர், இடுப்பு வலிக்காரர், அத்தனை நேரம் அப்படி நிற்பது லேசுப்பட்ட காரியமல்ல. தொடை நடுங்குவது எனக்குத் தெரிந்தது. எழுந்திருய்யா, எழுந்திருடா என்று நான் மனதுக்குள் வைதேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை ‘டா’ போட்டேன்.

"ஓட்டை மாற்ற விரும்புகிறவர்கள் உண்டா?"

உட்கார்ந்துவிட்டார். சுத்தியல் விழுந்தது. திருத்தம் தோற்றது.

அதோடு முடிந்திருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். கால் மணி நேரத்தில் மூலமசோதா ஓட்டுக்கு வந்தது. இளகிய மூவரில் ஒருவரைப் பாலின் மறுபடி இறுக்கிவிட்டாள், கையில் இருபத்தைந்து வந்துவிட்டது. ஆகவே லோரிமருக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பினாள். லீவு. அவர் எழுந்தார், இந்தத் தடவை முழுசாக. ஏழு நிமிடம் பேசினார். தன் பெண்கள் பிறந்த அறையைப் பற்றிப் பேசினார். பதினொரு நிமிடத்தில் டயாலிசிஸுக்குப் போய்வரும் ஒரு மெக்கானிக்கைப் பற்றிப் பேசினார். தொண்டை அடைத்தது. நான் எழுதிக் கொடுத்த பேச்சு, எந்த இடத்தில் தொண்டை அடைக்க வேண்டும் என்பது உட்பட. சிவப்பை ஓங்கி அழுத்தினார். இருபத்தைந்துக்கு இருபத்து நான்கு. மசோதா நிறைவேறியது. மறுநாள் பத்திரிகையில், ‘சொந்தக் கட்சியை எதிர்த்து நின்றார் லோரிமர்’. திருத்தத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

தாழ்வாரத்தில் அவரை மடக்கினேன்.

"எழுந்தீங்களே," என்றேன்.

"எழுந்தேன்ல?" அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நீயாவது கவனிச்சியே வெர்னா. வேற யாரும் அதைச் சொல்லவே இல்ல."

"ஏன் உட்கார்ந்தீங்க?"

"நடுவுல மாத்தினா தடுமாறுற மாதிரி தெரியும். ஜனங்க ஒரு உறுதியான ஆளைத்தான் எதிர்பார்க்கறாங்க. நானும் இல்லேன்னா நிதானமா யோசிக்கிறவன் யாரு இருக்கான் இந்த அவையில?"

நான் அவரை அறைந்திருக்க வேண்டும். அதற்குள் என் போன் அடித்தது. எல்டன்.

"பார்த்தேன் வெர்னா. ஆள் நல்லாத்தான் பேசினான். என்னைப் பத்திகூடப் பேசினான், நர்ஸுங்க எல்லாம் கை தட்டினாங்க. தோத்துட்டோம், சரி. அதுக்கு முன்னாடி ஒண்ணு ஓடுச்சே, அதுல அவன் பேருக்கு நேரா மஞ்சள் எரிஞ்சுதே, அது என்ன?"

லோரிமர் இரண்டடி தள்ளி நின்று டையைச் சரி செய்துகொண்டிருந்தார்.

"அது ஒண்ணும் இல்ல," என்றேன். "நடைமுறை விஷயம்."

அதை ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. குழாயோடு உட்கார்ந்திருக்கிறவனை ஏன் நோகடிக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாளும் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் சொல்லவில்லை.

செப்டம்பர் கடைசியில் மருத்துவமனையை மூடினார்கள். ஹேல்ஸ்டனிலிருந்து திரும்பும்போது எல்டனுக்குக் கால் இழுக்கும், தலை சுற்றும், அவனால் ஓட்ட முடியாது. நான் வேலையை விட்டேன். அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். பாதி சாக்லேட், பாதி வெனிலா. லோரிமர் எனக்கு ஒரு நினைவுப் பலகை கொடுத்தார். அதே மாதம் அவருடைய துணிச்சலைப் பாராட்டி, ஹேல்ஸ்டன் நெடுஞ்சாலையில் இருக்கும் ஓய்விடத்துக்கு அவர் பெயரை வைக்க அவை முடிவு செய்தது. நாற்பத்தெட்டு பச்சை, ஒரு மஞ்சள். தன் பெயருக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்வது அழகல்ல என்று நினைத்தாராம். வாரத்துக்கு மூன்று நாள் நாங்கள் அங்கே நிறுத்துகிறோம். எல்டன் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தலை சுற்றல் நிற்கும்வரை, ‘டுவைட் லோரிமர் ஓய்விடம்’ என்ற பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கழிப்பறை சுத்தமாக இருக்கிறது, குறை சொல்ல முடியாது.

போன வெள்ளிக்கிழமை காலை, கிளம்புவதற்கு முன் காபி குடித்துக்கொண்டிருந்தோம். எல்டன் சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தான். மேலவை முத்திரை போட்ட உறை.

"உன் ஆளுக்கு நான் ஒரு லெட்டர் போட்டேன்," என்றான்.

"எப்ப? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீதான் சொல்லலையே, நானா கேட்டுப் பார்ப்போம்னு. ஒரே வரிதான். மார்ச் மாசம் அந்தத் திருத்தத்துக்கு ஏன் மஞ்சள் அழுத்தினீங்கன்னு. பதில் வந்திருக்கு. படிக்கட்டுமா?"

அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நிறுத்தி நிறுத்திப் படித்தான்.

"‘அன்புள்ள திரு. ஸ்டக்கி, உங்கள் கடிதத்தை என் சமையலறை மேசையில் வைத்து, காபி ஆறும்வரை, இரண்டு முறை படித்தேன்.’" நிமிர்ந்து என்னைப் பார்த்தான். "ஒரு வரி லெட்டர். ரெண்டு தடவை படிச்சானாம். நிஜமா படிச்சிருப்பானா?"

"படிச்சிருக்கலாம்," என்றேன். "சொல்ல முடியாது."

என் வாயிலிருந்து வந்தது என் காதிலேயே விழுந்தது. காபி கொண்டுவரும் சாக்கில் எழப் போனேன். எல்டன் கடிதத்தை மேசைமேல் வைத்து, அந்தப் பழைய சூட்டுக்காயத்தின் மேல் விரலை வைத்தான்.

"அன்னைக்கு நான் ரேடியோவுக்கு ஈயம் வெச்சுக்கிட்டு இருந்தேன். நீ ஒவ்வொரு வரியா எனக்குப் படிச்சுக் காட்டினே. நல்லா இருக்குன்னு நான்தான் சொன்னேன். அந்த மேசை இதுதானே வெர்னா?"

இரண்டு கையும் மேசை விளிம்பில் இருந்தன. நாற்காலியை விட்டுப் பாதி எழுந்திருந்தேன்.

"ஒண்ணு உட்காரு, இல்ல எழுந்து நில்லு," என்றான் எல்டன். "இதுதானே?"

எழுந்து நின்றேன்.

"இதேதான்," என்றேன். "நான்தான் எழுதினேன். அந்த மஞ்சளுக்கு என்ன அர்த்தம்னும் எனக்குத் தெரியும். அன்னைக்கே தெரியும்."

அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு மேசையைப் பிடித்து மெதுவாக எழுந்து, கார் சாவியை என் பக்கம் தள்ளினான்.

"வண்டியில சொல்லு," என்றான். "அறுபத்தொரு மைல் இருக்கு."